கண்ணைச் சாட்டி

கொழும்பில் மத்திய வங்கியில் குண்டு வெடித்ததற்கு அடுத்த வருடம் அது. ஜெகதீஸ்வரி வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்து, அளுத்கடை நீதிமன்றங்களுக்குப் பின்னால் இருந்த டோரினின் அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். டோரின் சட்டத்தரணி. கொட்டாஞ்சேனையில் பிறந்து ஆங்கிலத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. பிடிபட்டவர்களின் தமிழ் வாக்குமூலங்களை ஆங்கிலமாக்கிக் கொடுப்பது ஜெகதீஸ்வரியின் வேலை.

அன்று காலை அவளிடம் வந்தது இரத்தினசிங்கம் என்பவருடைய வாக்குமூலம். கொக்குவிலைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தவர், கொட்டாஞ்சேனையில் ஒரு தெருவோரம் நாள்தவறாமல் போய் நின்றிருக்கிறார். குண்டு வைக்க வந்தவரோ என்று யாரோ சந்தேகப்பட்டுச் சொல்ல, பொலிஸார் வந்து பிடித்துவிட்டார்கள். கண் காட்ட வந்ததாகச் சொன்னாராம். கண்ணாஸ்பத்திரி இருப்பது ஊரின் மறுபக்கத்தில். சரி, உள்ளதை உன் கையால் எழுது என்று தாளைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் எழுதியது இவ்வளவுதான்:

"கண்ணைச் சாட்டிக் கொழும்புக்கு வந்தேன். வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை."

பொலிஸாரின் சிங்கள மொழிபெயர்ப்பில் "சாட்டி" என்பது "பொரு" ஆகிவிட்டது. பொய் சொல்லி வந்தவர் என்று அர்த்தம்.

ஜெகதீஸ்வரியின் பேனாவும் அந்த இடத்தில்தான் நின்றது.

"என்ன ஜெகா, ஒரு வரிக்கு இவ்வளவு நேரமா?" என்று டோரின் எட்டிப் பார்த்தாள்.

"இந்தச் சாட்டு எண்ட சொல்லு, சாக்கு எண்டுற மாதிரி, அதுதான் இழுக்குது. பிரிடெக்ஸ்ட் எண்டு போடவோ?"

"ஐயோ, வேணாம். பிரிடெக்ஸ்ட்டுக்குப் பின்னால எப்பவும் வேற ஒண்டு ஒளிஞ்சிருக்கும். கண்ணைக் காட்டி ஆரையோ ஏமாத்தி, வேற என்னத்துக்கோ வந்தார் எண்டு ஆகும். அந்த என்னத்துக்கோ என்ன எண்டு கோர்ட்ல கேப்பாங்க."

"அப்ப ரீசன்?"

"ரீசன் எண்டா நேரான காரணம். அவர் கண் காட்ட வந்தேன் எண்டு எழுதேல்லையே. கண்ணைச் சாட்டி எண்டெல்லோ எழுதியிருக்கார்."

"எக்ஸ்கியூஸ்?"

டோரின் யோசித்தாள். "அது ஒரு விசித்திரமான சொல்லு. சட்டத்தில ஜஸ்டிஃபிகேஷன் எண்டா, நான் செய்தேன், செய்தது சரி. எக்ஸ்கியூஸ் எண்டா, செய்தது பிழைதான், ஆனா என்னில பழி போடாதீங்க. பார்த்தா ரெண்டும் ஒண்டு மாதிரி. ஒண்டைச் சொல்றவர் தலை நிமிந்து நிப்பார், மற்றதைச் சொல்றவர் கொஞ்சம் குனிஞ்சு நிப்பார்."

ஜெகதீஸ்வரி அந்த இரண்டு வரிகளைத் திரும்பவும் பார்த்தாள். "வேறு குற்றம்" என்று ஏன் எழுதினார்? அப்படியானால் கொழும்புக்கு வந்ததே ஒரு குற்றம் என்று நினைக்கிறாரா? யாருக்குச் செய்த குற்றம்? அவரையே கேட்காமல் அந்த வரியை எழுத முடியாது என்று அவளுக்குப் பட்டது.

பின்னேரம் இருவரும் அவரை மறியல் சிறையில் போய்ப் பார்த்தார்கள். மெலிந்த, உயரமான மனிதர். கசங்கிய சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். வாக்குமூலத்தின் பிரதியை ஜெகதீஸ்வரி நீட்டியதும் மூக்கில் முட்டுமளவுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துவிட்டு, "என்ரை எழுத்துத்தான்" என்றார்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. ஆருக்குச் சாட்டுச் சொல்லி வந்தனீங்கள்?"

அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"யாழ்ப்பாணத்தாலை வெளிக்கிடப் பாஸ் குடுத்த ஆமிக்கோ?"

"ஆமிக்குக் கிளினிக் துண்டு காட்டினனான். அது பொய்யில்லை."

"அப்ப வீட்டிலை உங்கடை மனுசிக்கோ?"

கிழவரின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "மனுசிதான் முதல் சொன்னவள், கொழும்புக்குப் போய்க் கண்ணைக் காட்டிப்போட்டு வாங்கோ எண்டு. யாழ்ப்பாணத்திலை கண் டொக்டர் இருக்கிறார் எண்டு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி எண்டு வெளிக்கிட்டன்."

"அப்ப ஒருத்தரும் ஏமாறேல்லை."

"இல்லை."

பிறகு மெல்ல மெல்ல வந்தது. கொட்டாஞ்சேனையில் அவருடைய மகள் கௌரி இருக்கிறாள். கொழும்பில் வேலை பார்த்த நாளில் சூசைதாசன் என்ற துறைமுகத் தொழிலாளியை விரும்பி, சேர்ச்சில் கலியாணம் கட்டிக்கொண்டவள். அன்றைக்கு அவர் பிள்ளையார் கோயில் வாசலில் நின்று, இனி அவள் முகத்தில் முழிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். வீட்டில் அவள் பெயரை எடுப்பதில்லை.

"ஏன் மாஸ்டர் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"அதுக்கு என்னட்டை நியாயம் இருந்தது." குரல் சட்டென்று நிமிர்ந்தது. "ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தவள்."

ஜெகதீஸ்வரி டோரினைத் திரும்பிப் பார்த்தாள். மகளை வெட்டிவிட்டதற்கு இவரிடம் நியாயம் இருக்கிறது. மகளைப் பார்க்க வந்ததற்குத்தான் சாட்டு வேண்டியிருக்கிறது. காலையில் பேசிய இரண்டு சொற்களும் இவரிடம் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

"பிறகேன் வீட்டுக்குள்ளை போகேல்லை?" என்று டோரின் கேட்டாள்.

"சத்தியம் செய்தனான் எல்லோ. அவள் வெளியிலை வந்தா, தற்செயலாக் கண்டது மாதிரி இருக்கும் எண்டு எதிர்ப்பக்கத்திலை நிண்டன். பச்சைக் கதவு வீடு. ஒருநாளும் அவள் வெளியிலை வரேல்லை."

மகள் வந்து சொன்னால்தான் நீதிமன்றம் நம்பும் என்று டோரின் விளக்கினாள். பொலிஸை அவள் வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்காகவே வாயை மூடிக்கொண்டிருந்தவர் அவர். கடைசியில் சரி என்று தலையாட்டினார்.

"பிள்ளை, நான் கூப்பிட்டனான் எண்டு மட்டும் சொல்லாதையுங்கோ. நீங்களாத் தேடி வந்ததாச் சொல்லுங்கோ."

ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அன்று மாலையே ஜெகதீஸ்வரி போய்ப் பச்சைக் கதவைத் தட்டியதும் ஒரு பெண் பாதி திறந்தாள். தகப்பனின் அதே நீண்ட முகம். தான் ஒரு சட்டத்தரணியின் கந்தோரிலிருந்து வருவதாக ஜெகதீஸ்வரி சொல்லத் தொடங்கினாள்.

"அப்பாவைப் பற்றியோ?" என்றாள் கௌரி. "அவரை ஜீப்பிலை ஏத்தினதாம் எண்டு பக்கத்து வீட்டிலை சொல்லிச்சினம். அண்டையிலிருந்து என்ரை மனுசன் பொலிஸ் பொலிஸாப் போய் விசாரிக்கிறார். ஒருத்தரும் ஒழுங்கா மறுமொழி சொல்லுறாங்கள் இல்லை."

"உங்களுக்கு அவர் நிண்டது தெரியுமோ?"

"முதல் நாளே யன்னலாலை கண்டிட்டன். றோட்டைக் கடந்து வருவார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். வரேல்லை. அடுத்த நாள் பாண் வாங்கப் போறமாதிரி அவருக்கு முன்னாலையே நடந்து போனன். கை நீட்டினாத் தொடலாம். என்ரை முகத்தை நேரே பாத்தார். பாத்திட்டு மற்றப் பக்கம் திரும்பீட்டார்." கௌரி எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டினாள். "என்னைக் கேவலப்படுத்தத்தான் இவ்வளவு தூரம் வந்தவரோ எண்டு நினைச்சன். இவர் போய்க் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு எழும்பினார், நான்தான் விடேல்லை."

 கிழவர் மூக்கில் முட்டப் பிடித்த அந்தத் தாள் ஜெகதீஸ்வரிக்குக் கண்முன் வந்தது.

"கௌரி, நீங்கள் ஒருநாளும் வெளியிலை வரேல்லை எண்டு அவர் எங்களுக்குச் சொன்னவர்."

"என்ன?"

"உங்களை அவர் காணேல்லை. அவருக்குக் கதவின்ரை பச்சை நிறம் தெரிஞ்சிருக்கு, முகம் தெரியேல்லை. உண்மையாவே கண் பழுது."

கௌரி கதவை முழுதாகத் திறந்தாள். பிறகு உள்ளே திரும்பி, "இஞ்சை வாங்கோ, கெதியா" என்று கணவனைக் கூப்பிட்டாள்.

அடுத்த நாள் டோரின் சமர்ப்பித்த ஆங்கிலப் பத்திரத்தில் "எக்ஸ்கியூஸ்" என்றே இருந்தது. "எங்கட மம்மியும் அப்பிடித்தான்," என்று அவள் காலையில் ஜெகதீஸ்வரியிடம் சொல்லியிருந்தாள். "எங்களைப் பாக்க வர ஏதாவது ஒரு எக்ஸ்கியூஸ் தேடுவா. அதில ஏமாத்து இல்ல, கூச்சம்தான் இருக்கு. இங்கிலிஷ்லயும் அதுக்கு அந்தச் சொல்லுத்தான்."

நீதவான் பத்திரத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். கண் ஒரு சாட்டென்றால், உண்மையில் எதற்காக வந்தீர் என்று சிங்களத்தில் கேட்டார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிக்க முன்னரே இரத்தினசிங்கத்துக்கு விளங்கிவிட்டது. கூண்டின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"மகளைப் பாக்க."

அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குனியவில்லை என்பதை ஜெகதீஸ்வரி கவனித்தாள். கௌரி சாட்சிக் கூண்டில் ஏறித் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னாள். தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று பொலிஸ் தரப்பு சொன்னது. அவரை விடுவித்தார்கள்.

வெளியே சூசைதாசன் முச்சக்கரவண்டியைப் பிடித்து வைத்திருந்தான். கிழவர் படியிறங்கத் தடுமாறியபோது அவன் கையைக் கொடுத்தான். அவர் அதைப் பற்றிக்கொண்டார். யாருடைய கை என்று அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, வண்டி வரைக்கும் விடவில்லை. லொட்ஜைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அவர்கள் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்போது ஜெகதீஸ்வரி கௌரியைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனாள். கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இவ்வளவு வருசமா ஏன் என்னை ஒதுக்கி வச்சனீங்கள் எண்டு அப்பாவைக் கேக்கேல்லையோ?"

கௌரி வண்டிக்குள் பார்த்தாள். அவளுடைய அப்பா, கையிலிருந்த துணிப்பையை எங்கே வைப்பதென்று சூசைதாசனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டா, பாவம், அவர் ஏதாவது சாட்டுச் சொல்லவேண்டி வருமெல்லே அக்கா," என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தகப்பனுக்குப் பக்கத்தில் போய் ஏறினாள்.