பாராடாங்கில் போட்ட மதிப்பெண்

பாராடாங் தீவின் படகு ஜெட்டியில் இருக்கும் எங்கள் நிறுவனப் பார்சல் கவுண்டருக்கு நானும் ஷீலாவும் போய்ச் சேர்ந்தபோது, கவுண்டரைப் பார்த்துக்கொள்ளும் பங்கஜம் அக்கா பழையபடி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க இன்ஜினியர் சாப், வாங்க மேடம். நெட் பந்த், உங்க ஆப்பும் பந்த். காலையில ஆப்புல ஏத்துன முப்பது பார்சலும் காயப், ஒண்ணுகூடக் காணோம்! பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க, வருதான்னு."

ஷீலா அக்காவின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "டெஸ்ட்ல தாங்குச்சே? நீங்கதானே இங்க வந்து பண்ணீங்க?"

நானும் என் மனைவி ஷீலாவும் ஒரே நிறுவனத்தில் புரோகிராமர்கள். நிறுவனத்தின் செயலிகளை உருவாக்க எந்த மென்பொருள் தளத்தை வாங்கலாம் என்று ஒப்பிட்டு அறிக்கை கொடுத்தவன் நான். போட்டியில் இரண்டு தளங்கள். ஒன்று சென்னையிலிருந்து, மற்றது பெங்களூரிலிருந்து. ஷீலாவுக்குச் சென்னைத் தளம்தான் பிடித்திருந்தது. அதை வாங்கினால் அவள் ஆறு மாதம் கடல் கடந்து மெயின்லேண்டுக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நான்கே மாதம்.

ஜனவரியில் இதே ஜெட்டியில் இரண்டையும் சோதித்தேன். நெட் போனதும் பெங்களூர்த் தளம் பதிவுகளைத் தொலைத்தது. சென்னைத் தளம் அவற்றைப் போனிலேயே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்பியது. நானோ நகரத்தில் எங்கள் லம்பா லைன் ஆபீசில் வைஃபையில் கிடைத்த முடிவுகளை எடுத்து, பாராடாங் என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். இரண்டும் சமமாகிவிட்டன. விலை குறைந்தது என்று பெங்களூருக்கு மூன்று வருட ஒப்பந்தம் போட்டார்கள்.

"தாங்கல, ஷீலா. நான்தான் மாத்தி எழுதினேன்."

"எதுக்கு?"

"நீ போயிடுவேன்னு."

படகுத்துறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போகாதேன்னு நேர்ல சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். அப்புறம் போயிட்டு வந்திருப்பேன். ஆறு மாசம்தானே?"

"இன்னிக்கே மேனேஜர் சார்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லுங்க. அதனால ஒப்பந்தம் மாறிடுமா?"

அக்காவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்தாள். "உண்மையான மார்க்கைச் சொல்லுங்க."

ஒவ்வொன்றாகச் சொன்னேன், எழுதினாள்.

"நெட் இல்லாதப்போ?"

"சென்னை ஒன்பது. பெங்களூர் ரெண்டு."

"ஒன்பதா? மீதி ஒண்ணு எங்க போச்சு?"

"அதுல எழுத்து ரொம்பச் சின்னது. அக்கா கண்ணாடியைத் தேடுனாங்க."

அவளுக்குச் சிரிப்பு உதடு வரை வந்து நின்றுபோனது. தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"புது அறிக்கையை நானே எழுதறேன். நீங்க எழுதினா நான் மறுபடியும் சரிபார்க்கணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டிலும் இனி நான் சொல்வதையெல்லாம் சரிபார்ப்பாளா என்று கேட்காமல், அக்காவுக்குப் பார்சல்களை எண்ணிக் கொடுக்கப் போனேன்.