ஈரச் சத்தம்

மூன்றாவது கிட்டார் பெடலையும் மிதித்துப் பார்த்துவிட்டு லாரிப் பட்டறைக்காரன் உதட்டைப் பிதுக்கினான். உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைத் தகரப் பெட்டி, மேலே நாலு திருகு, மிதித்தால் எரிகிற ஒரு சிவப்புப் பொட்டு. முதல் இரண்டும் தரையில் ஓரமாகக் கிடந்தன. கடைக்காரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். பாதி நாள் கல்லாவிலும் பாதி நாள் ஆம்ப்ளிபயரின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு பின்கட்டிலும் இருப்பவள். விரல் நுனியெல்லாம் ஈயம் பற்றவைத்த சூட்டுத் தழும்பு. அந்த விரல்களைப் பார்த்துத்தான் அவன் இந்தக் கடைக்குள் தைரியமாக நுழைந்திருந்தான்.

"இதுலயும் இல்லையா?"

"சத்தம் வருது. ஆனா காஞ்சு கெடக்கு."

"காஞ்சு கெடக்கா? அண்ணே, மிக்ஸ் முழுசா ஏத்தி வெச்சிருக்கேன். இதுக்கு மேல ஈரம் வேணும்னா கிட்டாரத் தண்ணித் தொட்டியில முக்கித்தான் எடுக்கணும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் கேட்டது சர்ஃப் கிட்டாரின் சத்தம். அலைமேல் பலகை போட்டுச் சறுக்குகிறவர்களுக்கென்று ஒரு காலத்தில் பிறந்த இசை அது. பாட்டு கிடையாது, பாடகன் கிடையாது. கிட்டார்தான் வாய், கிட்டார்தான் வயிறு. தந்தி தடிமனாக இருக்க வேண்டும். கிட்டாரின் வயிற்றில் தந்திகள் ஏறி நிற்கிற பாலத்தை ஒட்டி, உள்ளங்கையின் ஓரத்தால் தந்தியை லேசாக அமுக்கிக்கொண்டு, மேலும் கீழும் மழைபோல் அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடியும் இரும்புத் தொட்டிக்குள் சொட்டு விழுந்ததுபோல் 'ட்ளொக்' என்று தெறித்து, பின்னாலேயே ஒரு வால் இழுத்துக்கொண்டு போக வேண்டும். தெறிப்பும் வாலும் சேர்ந்ததுதான் ஈரம். ரீவெர்ப் என்கிற முழக்கப் பெட்டிக்குள் தலைமுடி கனத்தில் இரண்டு மூன்று சுருள் ஸ்பிரிங்கைக் கட்டித் தொங்கவிட்டு, கிட்டாரின் சத்தத்தை அதற்குள் ஓடவிட்டு எடுக்கிற ஈரம். அவன் தேடியது அந்தத் தெறிப்பை. மூன்று பெடலிலும் அது இல்லை என்று அவனுடைய காது சொன்னது.

மூன்று நாளைக்கு முன்னால், பட்டறையில் ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தபோது தம்பி பொண்டாட்டி போன் செய்திருந்தாள். ஆறு வருஷத்தில் முதல் போன்.

"மாமா, நல்லா இருக்கீங்களா? அந்தக் கடற்கரை ஓட்டல மறுபடி தொறக்குறாங்களாம். சனிக்கிழமை சாயங்காலம் பழைய குழுவே வந்து வாசிக்கணுமாம். இவருக்குக் கிட்டார் வாசிக்க ஆளு கெடைக்கல."

"ஊருல கிட்டார் பிடிச்சவனே இல்லையா?"

"நாலு பேர வெச்சுப் பாத்தாரு. எல்லாம் நல்லாத்தான் வாசிக்குதுங்க, ஆனா அந்த ஈரச் சத்தம் வரலன்னு அனுப்பிட்டாரு."

"அவன் சொல்லித்தான் பேசுறியா?"

"ஒரு நிமிஷம் வாசிச்சு அனுப்பச் சொன்னாரு மாமா. கேட்டுட்டுச் சொல்றேன்னாரு."

தூக்கி வளர்த்தவன் தம்பியிடம் வாசித்துக் காட்டிச் சீட்டு வாங்க வேண்டுமாம். போனை வைத்ததும் அவனுக்கு மூக்குமேல் கோபம் வந்தது. சாயங்காலம் அறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து கிட்டாரை இழுத்தபோது கோபம் போன இடம் தெரியவில்லை. அவனுடைய அறை டயர் கிடங்குக்கு மேலே, சுவரில் அடித்த இரும்புப் படிக்கட்டின் உச்சியில் இருந்தது. கல்யாணம் என்று ஒன்று நடந்து நாலு வருஷத்தில் தீர்ந்துபோயிருந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கட்டில். ஒருவனுக்கு எதற்கு இரண்டு தட்டு என்று அவனே ஒருநாள் இன்னொன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோய் போல்ட்டு நட்டு போட்டுவைத்துவிட்டான். ஆறு மணிக்கு மேல் கிடங்கைப் பூட்டிவிடுவார்கள். அந்தப் படிக்கட்டில் அவனைத் தவிர ஒரு கால் ஏறி வருஷக்கணக்காகிறது.

அந்தப் பழைய ரீவெர்ப் பெட்டி இருந்தால் இந்த அலைச்சலே இல்லை. அதை அவன்தான் உதைத்து நொறுக்கினான்.

ஆறு வருஷத்துக்கு முன், அதே ஓட்டலில், இரண்டாவது உருப்படிக்கு முன்னால் தம்பி டிரம்மை விட்டு எழுந்து வந்து ரீவெர்ப் திருகைக் குறைத்துவிட்டுப் போனான். இவன் ஏற்றினான். மூன்றாவது உருப்படிக்கு முன்னால் அவன் மறுபடி வந்து குறைத்தான். "ஜனங்க காதப் பொத்துறாங்கண்ணே, எல்லாம் கூழாப் போவுது" என்றான் காதோரம். இவனுக்கு அது கேட்கவில்லை. தம்பியின் கை தன் திருகுமேல் இருப்பது மட்டும் தெரிந்தது. பொறாமை என்று பட்டது. மைக் திறந்திருந்தது. "நீ தகரத்தத் தட்டுறவன், தகரத்தோட நில்லு" என்றான், முந்நூறு பேர் கேட்க. அதற்குத் தம்பி ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "உன் காது போச்சுண்ணே. உனக்கு ஊதுறது செவிடன் காதுல ஊதுன சங்குதான்." இவன் பெட்டியை எட்டி ஒரு உதை விட்டான். உள்ளே ஸ்பிரிங் அறுந்து, ஸ்பீக்கர் வழியாக இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். முன் மேசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அன்றைக்கு இவன் காதில் தெளிவாக விழுந்தது அந்த ஒரு சத்தம்தான்.

"அண்ணே," கடைக்காரியின் குரல் மாறியிருந்தது. "ஒரு விஷயம் பாப்போமா? நான் ஒரு தந்தி தட்டுறேன். வால் எங்க நிக்குதோ அங்க கையத் தூக்குங்க."

தட்டினாள். அவன் கூர்ந்து கேட்டான். சொட்டு விழுந்தது, வால் இழுத்தது, தேய்ந்தது, நின்றது. கையைத் தூக்கினான். அவள் விரலை உதட்டில் வைத்தபடி நின்றிருந்தாள். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் நாலு தடவை நகர்ந்த பிறகுதான் விரலை எடுத்தாள்.

"அப்பத்தான் நின்னுச்சா?"

"இப்பத்தான்."

இன்னொரு தடவை. இன்னொரு தந்தி. மூன்றாவது தடவை அவன் வேண்டுமென்றே தாமதித்துத் தூக்கினான். அப்போதும் அவள் விரல் உதட்டிலேயே இருந்தது.

"எத்தன வருஷமா பட்டறையில?"

"இருபத்தேழு. லாரிக்குப் பட்டை ஸ்பிரிங் கட்டுறேன்."

"அதான். மேல்சத்தம் பூரா சம்மட்டி வாங்கிட்டுப் போயிருச்சு. கீழ்ச்சத்தம் நல்லாக் கேக்கும் உங்களுக்கு. தெறிப்பு இருக்கறதே மேலதான். இந்த மூணு பெடலும் சொட்டச் சொட்ட நனைஞ்சுதாண்ணே இருக்கு."

பட்டறைக்காரன் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று ஆறு வருஷம் ஊரைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். பட்டறையில் அவனுக்கு 'வைத்தியர்' என்று பட்டப்பெயர். ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனையைச் சுத்தியலால் தட்டி, மறு முனையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவான். நல்ல பட்டை கையில் நெடுநேரம் நடுங்கும். விரிசல் விட்டது சட்டென்று செத்துவிடும். "வைத்தியரே, நாடி எப்படி ஓடுது?" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். மற்றவர்கள் தட்டிவிட்டுக் காதால்தான் பார்த்தார்கள். தானும் ஒரு காலத்தில் காதால்தானே பார்த்தோம், என்றைக்குக் கைக்கு மாறினோம் என்று இப்போது யோசித்தான். நாள் நினைவில்லை. காது போனதைக் கை அறிந்து வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"நெஜ ஸ்பிரிங் போட்ட பெட்டி ஏதும் இருக்காம்மா?"

"பழசு ஒண்ணு இருக்கு. கனம். பக்கத்துல நடந்தாக்கூட உறுமும். இந்தக் காலத்துல யாரும் தூக்கமாட்டாங்க. பெடலே இத விடச் சுத்தமாப் பேசும், உண்மையச் சொல்றேன்."

"பேசட்டும். அதுக்குள்ள தொட்டுப் பாக்க ஒண்ணும் இல்லையே."

அவள் பின்கட்டுக்குப் போய், அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். எதிரொலிப் பெட்டி ஒன்றும், சத்தத்தை அலையாக ஆட்டுகிற பெட்டி ஒன்றும் எடுத்துக் காட்டினாள். அவன் தலையசைத்து மறுத்தான். ஒரு ஈரத்தையே அளக்கத் தெரியவில்லை, இதில் இன்னும் இரண்டா.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தான். அறையில் தன் பழைய ஆம்ப்ளிபயரோடு பெட்டியை இணைத்து, அதன் பின்பலகையைக் கழற்றி, மரப்பெட்டிக்குள் தொங்கிய நீளத் தகரத் தட்டைத் திறந்துவைத்தான். மூன்று சுருள்கள், இரண்டு முனையிலும் கட்டப்பட்டு, மூச்சுவிட்டாலே ஆடின. கனத்த லாரிப் பட்டையை வளைக்கிறவனுக்கு அதைத் தொடவே பயமாக இருந்தது. கிட்டாரில் விரல் அழுத்தாத தந்தி ஒன்றைத் தட்டிவிட்டு, ஆள்காட்டி விரலின் நுனியைத் தகரத்தின் ஓரத்தில் வைத்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடி மறுபடி தட்டினான். விரல் நுனிக்கு அடியில் ஒரு எறும்பு ஓடியதுபோல் இருந்தது. தட்டினான். எறும்பு ஓடிக்கொண்டே இருந்தது. காதில் சத்தம் நின்ற பிறகும், வெட்கமில்லாமல், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று.

இவ்வளவையா அன்றைக்கு அந்த ஜனங்களின் தலையில் கொட்டினேன் என்று நினைத்தான்.

திருகைக் குறைத்தான். தட்டினான், தொட்டான். ஸ்பிரிங்கை எவ்வளவு வேகமாக அடித்து உலுக்குவது என்பதற்கு ஒரு திருகு, ஈரம் எவ்வளவு கலப்பது என்பதற்கு இன்னொன்று, பிரகாசத்துக்கு மூன்றாவது. அடுத்த அடி விழுவதற்குச் சற்று முன்னால் எறும்பு நின்றுவிட வேண்டும், அதுதான் அளவு என்று வைத்துக்கொண்டான். திருகு பாதிக்குக் கீழே வந்தபோது அளவு வந்தது. காதுக்கு அது வறண்ட சத்தம். வெறும் தந்தி, வெறும் மரம். இதை அனுப்பினால் மானம் போகும் என்று காது சொன்னது. கை திரும்பவும் ஏற்றத் துடித்தது. அந்தத் திருகைக் குறைக்க ஒரு ஆள் மேடையில் இரண்டு தடவை எழுந்து வந்தான் என்பதை நினைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துத் திருகுக்கு நேரே பலகையில் ஒரு கோடு கிழித்தான். பட்டறையிலும் கோடு போட்டுவிட்டால் பிறகு யாரும் கை வைப்பதில்லை.

போனைப் பதிவில் போட்டு நாற்காலியில் சாய்த்து வைத்தான். இரண்டு கையும் கிட்டாருக்கு வேண்டும். தொட்டுப் பார்க்க வேறு கை இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைப் பெட்டியின்மேல் வைத்தான். உதைத்த அதே கால்.

ஒரு நிமிஷம் வாசித்தான். என்ன சத்தம் போகிறது என்று அவனுக்கு முழுதாகத் தெரியாது. கண் கட்டிக்கொண்டு கயிற்றில் நடக்கிறவன் காலை நம்புவதுபோல் நம்பி வாசித்தான். கடைசிச் சுரத்தை அடித்துவிட்டு, தந்தியை அமுக்காமல், அசையாமல் உட்கார்ந்திருந்தான். காதில் நின்றது. காலில் நிற்கவில்லை. அதுவும் நின்ற பிறகு போனைப் பார்த்துச் சொன்னான்:

"நின்னுருச்சாடா? எனக்குக் கேக்கல. கால்ல நின்னுருச்சு."

அந்தக் கடைசிப் பேச்சை வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. எப்படி வெட்டுவது என்று தெரியவில்லை, தெரிந்திருந்தால் வெட்டியிருப்பான். அப்படியே தம்பி பொண்டாட்டிக்கு அனுப்பினான். அனுப்பிவிட்டு அந்த ஒரு தட்டைக் கழுவினான். கழுவிய தட்டை மறுபடி கழுவினான். கீழே கிடங்கின் ஷட்டரை இழுத்துப் பூட்டினார்கள். ஆம்ப்ளிபயரை அணைக்க மறந்திருந்தான். அது மூலையில் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

"மாமா, கேட்டாரு."

"என்ன சொன்னான்?"

"ரெண்டாவது தடவ போட்டுக் கேட்டாரு. அப்புறம் சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு. வண்டி சாவிய எடுத்துக்கிட்டாரு."

"கோவமாவா போனான்?"

"உங்க வீட்டு ஆளுங்க மூஞ்சியப் பாத்து எத மாமா கண்டுபிடிக்க முடியுது?"

அவன் போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். இருபது நிமிஷம் போனது. அரை மணி போனது. தம்பி டவுன் பஸ் ஓட்டுகிறவன். சாவியை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போவான். ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டுப் படுக்கலாம் என்று கையை நீட்டியபோது, ஸ்பீக்கரில் 'தொம்' என்றது.

நீட்டிய கை நின்றது. தந்தியை யாரும் தொடவில்லை. மறுபடி, தொம். பிறகு ஒன்று, அதைவிடக் கனமாக. பக்கத்தில் நடந்தால்கூட உறுமும் என்று கடைக்காரி சொன்னது நினைவுக்கு வந்தது. சுவரில் அடித்த இரும்பு, சுவரிலிருந்து தரை, தரையிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து அந்தத் தலைமுடிச் சுருள்கள். படிக்கட்டில் ஒரு ஆள் ஏறிக்கொண்டிருந்தான். இது கீழ்ச்சத்தம், இவனுக்கு நன்றாகக் கேட்டது. லேசாக ஒன்று, கனமாக ஒன்று. வலது கால் ஒரு பங்கு அதிகமாக விழுகிற நடை. முப்பது வருஷம் டிரம் மிதித்த கால் அப்படித்தான் விழும். டயர் கிடங்கின் காவலாளிக்கும் ஒரு கால் கொஞ்சம் சாய்ப்புதான்.

படி மொத்தம் பதினேழு. ஒன்பது வரைக்கும் எண்ணினான். பத்தாவது விழவில்லை, இறங்குகிற சத்தமும் இல்லை.

ஸ்பீக்கரில் சத்தம் தேய்ந்து, அவன் காதுக்கு நின்றுபோனது. அவன் எழுந்திருக்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த பெட்டிக்குள் கையை விட்டுத் தகரத்தின் ஓரத்தில் விரல் நுனியை வைத்தான். எறும்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.