ஜீப் போகாத இடம்

அக்கா கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து என் மேசையில், என் வரைபடத்தின் மேலேயே வைத்தாள். வாயில் மெல்லிய துணி, அதைச் சுற்றி மூன்று ரப்பர் வளையம். அடியில் செத்துச் சுருங்கிய இரண்டு பெரிய உண்ணிகள். விளிம்பில், துணிக்குக் கீழே, கடுகைவிடச் சிறிய செம்பழுப்புப் புள்ளிகள் கொத்துக் கொத்தாய். உற்றுப் பார்த்தேன். புள்ளிகளுக்குக் கால்கள் இருந்தன.

"மேட்டுக் குளிருக்கு முட்டை பொரிக்காதுன்னு சொன்னீங்களே, உண்ணி ஜோசியரே. பொரிச்சிருக்கு. எண்ணிக்கோ."

ஜோசியர் பட்டம் அலுவலகத்தில் வைத்தது. அக்கா வரைக்கும் எப்படிப் போனதோ; நானே பெருமையாய்ச் சொல்லியிருப்பேன். கால்நடைத் துறையில் என் வேலை அதுதான். வெயில், மழை, ஈரம், புல்லின் உயரம் எல்லாவற்றையும் கணினியில் போட்டு, மாட்டு உண்ணி எங்கே பிழைக்கும், எங்கே பரவும் என்று சொல்வது. பிழைக்கிற இடம் சிவப்பு, பிழைக்காத இடம் பச்சை. அக்காவும் அவளுடைய மாடுகளும் இருக்கிற மேட்டுப் பகுதி ஐந்து வருடமாகப் பச்சை.

கீழே சந்தையில் வாங்கிய கிடேரியின் மடியோரம் உண்ணி இருக்கிறது என்று அவள் போன் செய்தபோது, திரையைப் பார்த்துக்கொண்டே "ஒண்ணும் ஆகாதுக்கா, அங்க குளிருக்கு முட்டை பொரிக்காது, தானாச் செத்துரும்" என்றேன். அவள் வாதாடவில்லை. ரத்தம் குடித்து உப்பிய இரண்டைப் பிடுங்கி ஜாடியில் போட்டு, குளிர்காலம் முழுக்கக் கொட்டகைக்கு வெளியே புல்லுக்குள் வைத்திருக்கிறாள். போன வாரம் அவளுடைய மூத்த பசு உண்ணிக் காய்ச்சலில் சிவப்பாய் மூத்திரம் போய், மூன்றாம் நாள் செத்து விழுந்துவிட்டது. மேட்டு மாடுகள் உண்ணியைப் பார்த்தே அறியாதவை. தாங்காது.

"இன்னும் அஞ்சு மாடு இருக்குடா," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், சமாதானமாவது சொல்லியிருப்பேன்.

பதினொரு மணிக்குக் கூட்டம். கீழ்ப்பகுதியில் புல் கருகிவிட்டதால் நாலாயிரம் மாடுகளை மேட்டுக்கு ஏற்றப் போகிறார்கள். மேடுதான் பச்சையாயிற்றே, மருந்துக் குளியல் எதற்கு, சோதனை எதற்கு? ஒட்டிக்கொண்டு வருவதெல்லாம் அங்கே செத்துவிடுமே! என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பழைய பதிவுகளைத் திறந்தேன். உண்ணி கிடைத்த இடங்கள் முந்நூற்றுச் சொச்சம். சாலை வரைபடத்தை அதன்மேல் வைத்ததும் காது சூடாகிவிட்டது. ஒவ்வொரு புள்ளியும் ஜீப் பாதையை ஒட்டி, இறங்கி நடந்தால் வேர்க்காத தூரத்தில். மேட்டுக்கு ஜீப் ஏறாது, அதனால் ஆய்வாளர்களும் ஏறவில்லை. படிவத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். காலிக் கட்டம் இருந்தால் கணினி முரண்டு பிடிக்கும் என்று அதிலெல்லாம் பூஜ்யம் போட்ட புத்திசாலி யார்? நான்தான். யாருமே பார்க்காத இடம், உண்ணியே இல்லாத இடமாகிவிட்டது. ஐந்து வருடமாக நான் கணித்தது உண்ணி போகும் வழியை அல்ல, ஓட்டுநர் போகும் வழியை.

"உள்ள நானும் வரட்டுமா?" என்றாள் அக்கா.

"வேணாம்க்கா. ஜாடியை மட்டும் குடு."

கூட்டத்தில் இயக்குநர் பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கி, வரைபடத்தில் மேட்டுப் பச்சையின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை 'பார்க்கவில்லை' என்று எழுதினேன்.

"என்னய்யா பண்றீங்க?"

"திருத்தம் சார். இது உண்ணி இருக்கிற இடத்தோட படம் இல்ல. நம்ம ஜீப் போன இடத்தோட படம்."

"அஞ்சு வருஷமா சரின்னு சொன்னது யாரு?"

"நான்தான் சார். அஞ்சு வருஷமும் தப்பாச் சொன்னேன். எழுதியே தரேன்."

"எழுதிக் குடுத்தா எங்க போய் உக்காரணும்னு தெரியுமில்ல?"

"மேட்டுக்கே மாத்திவிடுங்க சார். ஜீப் வேணாம், நடந்தே போயிடுவேன்."

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"உங்க கையெழுத்து இல்லன்னா இன்னொருத்தர் போடுவாரு," என்றார் இயக்குநர்.

"போடட்டும் சார். இதைப் பாத்துட்டுப் போடட்டும்."

ஜாடியைப் படத்தின் நடுவே, 'பார்க்கவில்லை' மேலேயே வைத்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். அவருடைய மூச்சு துணியில் பட்டது. அதுவரை சும்மா கிடந்த கொத்துகள் அவிழ்ந்து, நூற்றுக்கணக்கில் அவர் பக்கமாக ஏறி வந்து விளிம்பில் வரிசைகட்டி, முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றன. அந்த அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.