நகராத சரக்கு

குடோனில் அவருக்கு வைத்த பெயர் 'காலி'. சம்பளச் சீட்டில் மேற்பார்வையாளர் என்று இருக்கும். ஆனால் சுமை தூக்குகிறவர்கள் வாயில் வருவது இதுதான். ஒரு வருஷம் யார் கையும் படாமல் கிடக்கும் பெட்டியில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார். மறுநாள் அது வெளியே போய்விடும். நகராத சரக்கு என்று அதற்குப் பெயர். அவர் போட்ட குறியை முதலாளியே அழித்தது கிடையாது.

மனைவிக்கு மார்பில் ஆபரேஷன் முடிந்து அவள் வீடு திரும்பியதும், அந்த சாக்பீஸும் சட்டைப்பையோடு வீட்டுக்கு வந்தது. முதலில் போனது ஆளுயரக் கண்ணாடி. அவள் பார்த்து வருத்தப்படக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் அலமாரி, நாற்காலிகள், விருந்தாளிக்கென்று பூட்டியே வைத்திருந்த தட்டுகள். கடைசியில் கட்டிலும் போனது. ஆளுக்கொரு மெத்தை, ஆளுக்கொரு சுவர்.

"தனியா படுத்தா உனக்குத்தான் நல்லது" என்றார்.

பொய் சொல்லக் கூடாது, மனுஷனுக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. வெறும் தரையில் வெயில் விழுவதைப் பார்த்தபடி டீ குடிப்பார். சந்தோஷம் சாமானில் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு உபதேசம் வேறு. அவளும் ஆரம்பத்தில் சிரித்தாள். துடைக்கிற வேலை குறைந்தது என்றாள்.

அன்று அவர் வேலை முடிந்து வந்தபோது கூடத்தின் நடுவில் அவள் பையோடு நின்றிருந்தாள். நெஞ்சுப் பக்கம், துணியின் மேல், வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி. அவளே போட்டுக்கொண்டது.

"அக்கா வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவ?"

"வெளிய போன சரக்கு எதாவது திரும்பி வந்திருக்கா? உங்க கணக்குதாங்க. வருஷம் தாண்டிடுச்சு, கை படல."



"தொட்டா உனக்கு வலிக்குமோன்னு பயந்துட்டேன்."

"எனக்கா, உங்களுக்கா?"

உண்மை அதுதான். தழும்பைப் பார்க்க அவருக்குத்தான் தைரியமில்லை. கண்ணாடியைத் தூக்கியதும் அதற்காக, கட்டிலைத் தூக்கியதும் அதற்காக. எளிமை, நிம்மதி என்பதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்ட பெயர். அது இப்போதுதான் அவருக்கே புரிந்தது.

அவள் கையிலிருந்து பையை வாங்கினார். பழக்கதோஷம், கால் வாசல் பக்கம் திரும்பியது. சட்டென்று நின்று பையைக் கீழே வைத்தார். உட்கார் என்று சொல்ல வீட்டில் ஒரு நாற்காலி இல்லை. தானே தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவளும் எதிரே உட்கார்ந்தாள், கை எட்டும் தூரத்தில்.

"இப்ப தொட்டா வலிக்குமா?"

"தெரியலங்க. யாரும் தொட்டுப் பாக்கலையே."

சாக்பீஸ் தூள் படிந்த கையை அவர் கால்சட்டையில் துடைத்தார். திருப்பித் துடைத்தார். அவள் காத்திருந்தாள். தூளெல்லாம் போன பிறகும் அந்தக் கை துடைத்துக்கொண்டேதான் இருந்தது.

அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். அன்றோடு வீடு முழுசாகக் காலியானது.