கல் வைத்த பக்கம்

குடிபாலாவுக்கு அருகே புதிய சாலைக்காக மண் வெட்டிக்கொண்டிருந்த ஜேசிபியின் பல், ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம்மின் மூடியில் பட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்தான். டிரம்மின் ஒரு பக்கத்தில், அதே ஆழத்தில், மூன்று கருங்கற்கள் வரிசையாகப் புதைந்திருந்தன. தானாக அமைந்த வரிசை அல்ல. மண்ணுக்குள் டிரம் இருந்தால் அது என்னவாக இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வண்டியின் சாவியைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டான்.

மதியத்துக்குள் சாலையை மறித்து ரிப்பன் கட்டியாகிவிட்டது. பக்கத்துக் குக்கிராமத்தைக் காலி செய்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். திருப்பதியிலிருந்து வெடிகுண்டுப் பிரிவு வந்தது. அதற்குத் தலைமை சப்-இன்ஸ்பெக்டர் ஹேமநாத்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த எல்லைக் காடுகளில் நக்சல் தளங்கள் இருந்தன. அவர்கள் புதைத்துவிட்டுப் போன சரக்கு இப்படி எப்போதாவது வெளியே வரும். வழக்கமாக அதை இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்துவிடுவார்கள். இங்கே அது முடியாது. சாலையோரமாகவே கேஸ் குழாய் போகிறது. குழாயைக் காலி செய்ய இரண்டு நாளாகும் என்றது குழாய்க் கம்பெனி. மூடியோ விரிசல் விட்டிருந்தது. பழைய சரக்கை ஜூன் மாத வெயிலில் இரண்டு நாள் காய விட முடியாது.

ஆக, யாராவது ஒருவர் படுத்துக்கொண்டு கையால் மண்ணை எடுத்து உள்ளே போக வேண்டும். அந்த ஒருவர் ஹேமநாத்.

இப்படிப் புதைப்பவர்கள், பிற்பாடு தாங்களே வந்து எடுப்பதற்காக ஒரு பக்கத்தை மட்டும் பத்திரமாக விட்டுவைப்பார்கள். மற்றப் பக்கங்களில் பொறி இருக்கும். எது பத்திரமான பக்கம் என்பதுதான் கேள்வி. ஹேமநாத் அந்தக் கற்களை போட்டோ எடுத்து நகரியில் இருந்த அப்பாவுக்கு அனுப்பினான். உடனே போன் வந்தது.

“டேய் ஹேமு, அது எங்க கல்லுடா.”

“எங்க கல்லுன்னா? இன்னா சொல்ற நைனா?”

“நான் சொல்லிக் குடுத்த கல்லு. கல்லு எந்தப் பக்கம் கீதோ அந்தப் பக்கம் கை வைக்கலாம். மத்ததெல்லாம் எமன். நீ ஒண்ணும் தொடாத. நான் வந்துகினே இருக்கேன்.”

சிட்டிபாபு ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1984-இல் அவரை வடக்கே ஒரு மலைக்காட்டு முகாமுக்கு அனுப்பினார்கள். முகாமுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அங்கே இலங்கையிலிருந்து வந்த தமிழ்ப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். தமிழ் தெரிந்த பயிற்சியாளர்கள் தேவைப்பட்டதால் நகரி நெசவுக் குடும்பத்துப் பையனுக்கு அந்த யோகம் அடித்தது. பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. வெளியே சொல்லக் கூடாத வேலைக்குப் பதக்கம் தர மாட்டார்கள். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு சிட்டிபாபு அதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை. பையன்கள் தன்னை ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டதும், பிரியும்போது அழுததும் நகரியில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரியும்.

மூன்று வருஷத்தில் காற்று மாறியது. நம் ராணுவம் அந்தத் தீவுக்குப் போய், அதே பையன்களோடு சண்டை போட்டது. சிட்டிபாபுவின் பட்டாலியன் போகவில்லை. கதையின் அந்தப் பகுதியை அவர் ஊரில் சொல்வதும் இல்லை.

சிட்டிபாபு வந்து இறங்கியபோது டிஎஸ்பி ரேஷ்மா இன்னொரு ஆளையும் வரவழைத்திருந்தார். சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலையில் வேலை பார்க்கும் காஞ்சனா. தலையில் ஆலைத் தொப்பி, கையில் பழக்கறை. ஷிப்ட் நடுவே ஜீப்பில் ஏற்றி வந்துவிட்டார்கள். சத்தியவேடு பக்கத்துக்காரி; இருபது வயதில் காட்டுக்குப் போய், ஆறு வருஷம் நக்சல் தளத்தில் இருந்து, பிறகு சரணடைந்தவள்.

“சிட்டிபாபு காரு, ரண்டி,” என்று தெலுங்கில் வரவேற்றார் ரேஷ்மா. “உங்க பேச்சையும் கேக்கணும், இந்தம்மா பேச்சையும் கேக்கணும். ரெண்டும் வேற வேறயா இருக்குது.”

“இன்னா வேற?”

காஞ்சனா தூரத்தில் தெரிந்த குழியைப் பார்த்தபடி சொன்னாள். “கல்லு இருக்கற பக்கம் போகக் கூடாதுண்ணா. எதிர்ப் பக்கம்தான் வழி. எங்க தளத்துல அப்படித்தான் வச்சோம்.”

“யம்மா, அந்த முறையையே நான்தான் சொல்லிக் குடுத்தேன். எண்பத்து நாலுல.”

“அப்போ நான் ஒண்ணாங் கிளாசுகூடப் போவல. இருந்தாலும் இதைப் பொதைச்சது நீங்க இல்லயே.”

சிட்டிபாபு ரேஷ்மாவிடம் திரும்பினார். “மேடம், இது இன்னும் அவங்க ஆளு. போலீஸ்காரன் செத்தா இவளுக்கு இன்னா போவுது?”

காஞ்சனாவுக்குக் கோபம் வரவில்லை. “எம் பேச்சைக் கேட்டு ஒரு எஸ்.ஐ. செத்தா, நாளைக்கு என்னை மாங்கா வெட்ட விடுவாங்களா? நல்லா யோசிச்சுதான் பேசறீங்களா?”

கான்ஸ்டபிள் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ரேஷ்மா ஹேமநாத்தைப் பார்த்தார்.

“கை வைக்கப் போறது நீ. நீயே செப்பு.”

ஹேமநாத் யோசிக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பாடம். “நைனா சொன்னபடி போறேன் மேடம்.”

சிட்டிபாபுவின் முகம் மலர்ந்தது. மகனுக்குப் பாதுகாப்பு உடுப்பை மாட்டிவிடத் தானே கை கொடுத்தார். உடுப்போடு ஹேமநாத் குழியை நோக்கி நடந்தான்.

காஞ்சனா பின்னாலிருந்து கூப்பிட்டாள். “உன் இஷ்டம் தம்பி. எந்தப் பக்கம் போனாலும் பாவு பிரிக்கற மாதிரி மண்ணை எடு நைனா. ஒரு இழைக்கும் நோவக் கூடாது.”

ஹேமநாத் காதில் அது விழுந்ததோ இல்லையோ, சிட்டிபாபு திரும்பிவிட்டார்.

“நீ தறிக்கார வூடா?”

“இல்லண்ணா. வேர்க்கடல போடற வூடு. பாவு நூலையே நான் பாத்ததில்ல.”

“பின்ன இந்தப் பேச்சு?”

“எங்களுக்குச் சொல்லிக் குடுத்த வாத்தியார் சொல்லுவாரு. இலங்கைக்காரரு. தன் இயக்கத்தோட சண்ட போட்டுக்கினு இந்தப் பக்கம் வந்துட்டவரு. அவரு சும்மா பேசினா எனக்குப் பாதி புரியாது. பாடம் எடுக்கறப்போ மட்டும் நம்ம ஊரு பேச்சு வந்துடும். ‘பாவு பிரிக்கற மாதிரி எடு நைனா’ம்பாரு. இலங்கைக்காரன் வாயில நைனா எப்படி வந்துச்சுன்னு நாங்க சிரிப்போம்.”

சிட்டிபாபு சிரிக்கவில்லை. மலைக்காட்டில், குளிரில் விறைத்த விரல்களோடு உட்கார்ந்திருந்த பையன்களிடம் அவர் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம் அது. வீட்டில் தறியடியில் தன் அப்பாவிடம் கேட்டுக் கற்றது. பயிற்சிப் புத்தகம் எதிலும் அது கிடையாது. அதை அந்த ‘நைனா’வோடு சேர்த்து அவரைப் போலவே திருப்பிச் சொல்லிக் காட்டியவன் ஒரே ஒரு பையன்.

“கல்லை ஏன் மாத்தி வக்கிறோம்னு அவன்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டோம். ‘இந்தியன் ஆர்மி கல்லு பக்கம்தான் வரும், சொல்லிக் குடுத்ததே அவங்கதானே’ன்னாரு. எண்பத்து ஏழுல அங்க சண்ட வந்தப்போ மாத்தினதாம். நிறைய பேரு அந்தப் பக்கமா வந்து செத்தாங்களாம். அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. எங்க காட்டுக்கு ஆர்மி எங்க வந்துச்சு? போலீசுதான் வந்துச்சு. ஆனா எங்களுக்கு வந்து சேந்த பாடம் அதுதான்.”

சிட்டிபாபு குழியைப் பார்த்தார். ஹேமநாத் ஏற்கெனவே கற்களுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துவிட்டான்.

வெடி இருக்கும் இடத்தில் வயர்லெஸ் பேசக் கூடாது. செல்போன்களை எல்லாம் வாங்கி ஜீப்பில் வைத்திருந்தார்கள். கனத்த ஹெல்மெட்டுக்குள் தூரத்துச் சத்தம் கேட்காது. கேட்டு அவன் சட்டென்று அசைந்தாலும் ஆபத்து. சிட்டிபாபு ரிப்பனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

“சிட்டிபாபு காரு! எக்கடிகி? எங்க போறீங்க?” என்று ரேஷ்மா ஓடி வந்தார். அதற்குள் அவர் பாதி தூரம் போயிருந்தார். மகனுக்குத் தெரிகிற மாதிரி சுற்றிக்கொண்டு எதிரில் போய் நின்று, கையை உயர்த்தினார். ஹேமநாத்தின் விரல்கள் மண்ணில் நின்றன. முதல் கல்லைச் சுற்றி மேல்மண்ணை அவன் விலக்கத் தொடங்கியிருந்தான்.

“கையை எடு,” என்றார் சிட்டிபாபு. “மெல்லமா. அப்படியே பின்னாடி நவுந்து வா.”

ஹேமநாத் நகர்ந்து வந்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். முகமெல்லாம் வேர்வை. “இன்னா நைனா? இங்கெல்லாம் வரக் கூடாது நீ.”

“அந்தம்மா சொன்ன பக்கம் போ.”

“நீதானே சொன்ன, எங்க கல்லுன்னு?”

“நான் சொல்லிக் குடுத்தது அவனுக்குத் தெரியும்டா. அதுக்கப்புறம் அவன் இன்னா பண்ணான்னு எனக்குத் தெரியாது.”

“எவன்?”

“அப்புறம் சொல்றேன். நிச்சயமாத் தெரிஞ்சுதான் மாத்திச் சொல்றேன். எதிர்ப் பக்கம்.”

ஹேமநாத் அப்பாவை ஒரு கணம் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அந்த முகாம் விஷயத்தில் அவர் தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி அவன் கேட்டதில்லை.

“சரி. நீ ரிப்பனுக்கு அந்தாண்ட போ. இது ஆர்டர்.”

சிட்டிபாபு போனார்.

எதிர்ப் பக்கம் மண் இளகலாக இருந்தது. எடுக்க வசதியாக விட்டுவைத்த மண். ஹேமநாத் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனான். வெயில் சாயும்வரை யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ரேஷ்மா மட்டும் ஒரு தடவை காஞ்சனாவைப் பார்த்து, “நிஜமேனா?” என்று கேட்டார். காஞ்சனா, “நான் பாத்து வச்சதுலாம் அப்படித்தான் மேடம்,” என்றாள்.

கடைசியில் ஹேமநாத் எழுந்து நின்று கட்டைவிரலைக் காட்டினான்.

எல்லாவற்றையும் செயலிழக்க வைத்த பிறகு கற்களின் பக்கமும் தோண்டிப் பார்த்தார்கள். முதல் கல்லுக்கு ஒரு சாண் கீழே, அழுத்தினால் வெடிக்கும் பொறித் தகடு இருந்தது. துரு ஏறியிருந்தாலும் முழுசாக இருந்தது.

“வேல செஞ்சிருக்குமா?” என்று கேட்டார் ரேஷ்மா.

“தெரியல மேடம். பரிசோதிச்சுப் பாக்கற ஐடியா எனக்கில்ல,” என்றான் ஹேமநாத்.

ரேஷ்மா சிட்டிபாபுவிடம் வந்தார். அடுத்த மாதம் புதிய ஆட்கள் பயிற்சிக்கு வருகிறார்கள், ஒரு நாள் திருப்பதிக்கு வந்து வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார்.

“அந்தம்மாவைக் கூப்பிடுங்க மேடம். என்னுது பழைய பாடம்.”

“எனக்கு சீசன் முடியணும்,” என்றாள் காஞ்சனா. “ஆகஸ்ட்ல வேணா பாக்கலாம்.”

ஹேமநாத் ஜீப்பை எடுத்தான். அப்பா முன்னால், காஞ்சனா பின்னால். வண்டி குடிபாலா தாண்டியது.

“அந்தப் பையன் என்னைப் பத்தி எதுனா சொல்லுவானா?” என்று சிட்டிபாபு திரும்பாமலே கேட்டார்.

“மாஸ்டர் நல்லா சோறு போட்டாருன்னு சொல்லுவாரு. வாரத்துல ரெண்டு நாள் கறியாமே? நாங்க காட்டுல கஞ்சி குடிக்கறப்போதான் கரெக்டா அதைச் சொல்லுவாரு. கடுப்பாவும்.”

“அது கவர்மெண்ட் கறி. என் கைக்காசா?”

“அதையும் சொல்லுவாரு. ‘கறி போட்டவங்களுக்கு ஒரு வேல இருந்துச்சு. அது முடிஞ்சதும் துப்பாக்கியோட எதிர்ல வந்து நின்னாங்க. நான் கத்துக்கினது மட்டும் எங்கூடவே இருந்துச்சு. அதைக் கேக்கறவங்களுக்குக் குடுத்தேன்’னு. உங்கமேல கோவமான்னு கேட்டேன். ‘மாஸ்டர்மேல இல்ல’ன்னாரு.”

“இப்ப எங்க கீறான்?”

“மலேரியா வந்து போயிட்டாருண்ணா. நான் வெளிய வர்றதுக்கு முன்னாடியே. சேஷாசலம் காட்டுலதான்.”

கூழ் ஆலை வாசலில் வண்டி நின்றது. கேட்டுக்கு வெளியே மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. காஞ்சனா தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள்.

“மிச்ச ஷிப்டு போட விடுவாங்களான்னு பாக்கறேன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஹேமநாத் வண்டியைத் திருப்பினான். “நைனா, ரிப்போர்ட்டுல எழுதணும். அந்த ஆளு பேரு இன்னா?”

“முகாம்ல அவங்க பேரைக் கேக்கக் கூடாதுன்னு ஆர்டர். ஆளுக்கொரு பேரு நாங்கதான் வச்சோம்.” சிட்டிபாபு ஆலை வாசலைத் திரும்பிப் பார்த்தார். “நான் வச்ச பேரு தெரியும். அவன் பேரு தெரியாது.”