கோவிந்தம்மாளின் தாடை வலி

வேதகிரி மாரடைப்பு வந்து பிழைத்ததிலிருந்து அவர் நெஞ்சுக்குக் காவல் அவர் மனைவி கோவிந்தம்மாள்தான். குழம்பில் உப்பைக் குறைத்தாள். ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்கே கொடுத்துவிட்டாள். வேளைக்கு வேளை மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பாள்.

அன்று அவருடைய மாதப் பரிசோதனைக்காக இருவரும் உத்திரமேரூருக்கு பஸ் ஏறினார்கள். விடிந்ததிலிருந்தே தாடை வலிக்கிறது என்றாள். கடைவாய்ப் பல்லாக இருக்கும் என்று கிராம்பைக் கடித்துக்கொண்டாள். பஸ்ஸில் குமட்டியது. ராத்திரி சாப்பிட்ட காராமணிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளே காரணமும் சொன்னாள். வேதகிரி நம்பினார். அவருக்கு வந்தபோது மார்பில் பாறாங்கல்லை ஏற்றினாற்போல் இருந்தது. இது அப்படி இல்லையே.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சசிரேகா அவருக்கு பிரஷர் பார்க்க ஆரம்பித்தவர், பின்னால் நின்றவளைப் பார்த்ததும் அவர் கையில் சுற்றிய பட்டையை அவிழ்த்துவிட்டார். ஃபேனுக்குக் கீழே நின்றும் கோவிந்தம்மாளுக்கு ரவிக்கை நனைய வேர்த்திருந்தது. உடனே படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அவரைப் பாருங்க. அவருக்குத்தான் நெஞ்சுல கோளாறு கீது."

டாக்டர் வேதகிரியைத் தனியே அழைத்தார். பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை இருப்பவர்களுக்கு, மாரடைப்பு தாடையில் வரலாம், முதுகில் வரலாம், வெறும் அசதியாகக்கூட வரலாம் என்றார். அவளுக்கு மாத்திரைகளைக் கொடுத்து, செங்கல்பட்டுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸை வரவழைத்தார். காலையிலேயே வந்திருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் வேதகிரிக்கு அது கேட்டது.

வண்டியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கை சில்லிட்டிருந்தது.

"மத்தியான மாத்திரை போட்டுக்கினியா?"

"போட்டுக்கினேன்," என்று பொய் சொன்னார்.

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். செங்கல்பட்டு எல்லையைத் தொடுவதற்குள் ஆம்புலன்ஸ் உதவியாளர் அவரை ஓரமாக நகரச் சொல்லிவிட்டு அவள் மார்பை அழுத்த ஆரம்பித்தார். வெகுநேரம் அழுத்தினார். அவள் கண் திறக்கவில்லை.

மறுநாள் பாடை கிளம்பும்போது உறவுக்காரர்கள் வேதகிரியைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மகன் கலைச்செல்வன் அவர் தோளைத் தொட்டான்.

"நைனா, நீ வூட்டுலயே இரு. உன் நெஞ்சு தாங்காது."

"வுடுடா," என்றார் வேதகிரி. "அவளை இன்னிக்காவது நான் பாத்துக்கிறேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஏரிக்கரையில் பாடைக்குப் பின்னால் நடந்தார்.