பின்னட்டைப் பையில் ஒரு வரைபடம்

ஜூன் 11, புதன்

முதலில் ஒரு திருத்தம். நேற்றைய குறிப்பில், இன்றைய விசாரணை வரை தாமதம் நூற்று முப்பத்தாறு நாள் என்று எழுதியிருந்தேன். மறுபடி எண்ணினேன், நூற்று முப்பத்தேழு. ஒரு நாள் பிசகினால் உடனே திருத்துகிறேன். மற்றதற்குத்தான் வாய் வரவில்லை.

நீர்மின் அணைகளின் உரிமத்தைப் புதுப்பிக்கும் பிரிவில் நான் எழுத்தர். விண்ணப்பம் வந்து நூற்றெண்பது நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இடையில் ஏதாவது ஆவணம் கேட்டுக் கடிதம் போட்டால், அது வரும்வரை எங்கள் கணக்கு நின்றுவிடும். தாமதம் விண்ணப்பித்தவர் தலையில் ஏறும். ஓர் அணையின் விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்த நூற்று எழுபத்தெட்டாம் நாள் கண்காணிப்பாளர் வந்தார்.

"எதையாவது கேட்டு ஒரு லெட்டர் போட்டுடும்மா. கணக்கு நிக்கட்டும்."

கோப்பில் கட்டியிருந்த தாள்களைப் புரட்டினேன். மீன்கள் அணையைக் கடக்கும் பாதையின் வரைபடம் இல்லை. அதைக் கேட்டு எழுதினேன். பத்து நாள் கழித்துத்தான் கோப்பின் பின்னட்டைப் பையில் அதைப் பார்த்தேன். பெரிய படங்களை அங்கேதான் செருகுவோம். செருகியதும் நான்தான்.

கண்காணிப்பாளரிடம் சொன்னேன். "நீ பார்க்கல. நானும் கேக்கல. போ," என்றார். பையை மூடிவிட்டேன். 'ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்' என்று அணைப் பொறியாளர் இரண்டு முறை எழுதினார். இரண்டையும் தேதிவாரியாகக் கட்டி வைத்தேன்.

எங்கள் தாமதங்களை விசாரிக்க அரசு அனுப்பிய குழு இன்று வந்தது. தலைவி கேட்டார்: "இந்த நூத்தி முப்பத்தேழு நாள் யாரால?"

"அவங்க படம் குடுக்கல மேடம்," என்றார் கண்காணிப்பாளர்.

பொறியாளர் எழுந்தார். "கையில கொண்டுவந்து குடுத்தேன் மேடம். மேசை பத்தாம இந்தப் பொண்ணுதான் தரையில விரிச்சு மடிச்சது. போர்வை மடிக்கிற மாதிரி மடிக்கிறியேம்மான்னு கேலிகூட பண்ணேன். ஞாபகம் இருக்காம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கோப்பைப் பார்க்கணும் சார்," என்றேன்.

"மதகு துருப்பிடிச்சதுக்கு எங்க தலைய உருட்டுறாரு," என்று கண்காணிப்பாளர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். பொறியாளர் என்னிடம் கோபப்பட்டிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நாளை மதியம் குழு முடிவு எழுதும். தாமதம் அணைக்காரர்களால் என்று எழுதிவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி; எல்லாம் முதலிலிருந்து. உரிமம் இல்லாமல் துருப்பிடித்த அந்த மதகைப் பழுதுபார்க்கக் கை வைக்க முடியாது. மழைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. அணைக்குக் கீழே முதல் தெருவில்தான் பொறியாளர் வீடு.

வேலை முடிந்து படிக்கப் போகும் மாலை வகுப்பில் என் காதெல்லாம் சூடாக இருந்தது. பக்கத்தில் இருந்தவள், "என்னடி, காய்ச்சலா?" என்றாள். ஆமாம் என்றேன். இன்றைக்கு இரண்டாவது பொய்.

நாளை: ஒன்பதரைக்குள் அலுவலகம். கோப்பை நானே குழுவிடம் எடுத்துப்போக வேண்டும். பின்னட்டைப் பையைத் திறந்து படத்தை விரிக்க வேண்டும். மேசை பத்தாது, தரையில்.